ஸர் சி.பி. - மேல்சபைத் தலைவர் நாற்காலியில்

ஸர் சி.பி. என்ற பெயரைச் சொன்னால் திருவனந்தபுரத்தில் இன்றும் இரண்டு விதமான முகபாவங்களைக் காணலாம். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் உள்ள நம் பழைய குடும்பங்களில் அந்தப் பெயருடன் ஒரு மரியாதையும், கொஞ்சம் பெருமையும் சேர்ந்தே வரும். அதே ஊரில் வேறொரு வீட்டில் அதே பெயர் லத்தியையும் துப்பாக்கியையும் ஞாபகப்படுத்தும். இரண்டுக்குமே காரணம் இருக்கிறது. மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் வளர்ந்த நம் அங்கத்தினர்களின் குழந்தைகள் ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருப்பார்கள்.

ஆலயப் பிரவேசம், பல்கலைக்கழகம், மின்சாரம் என்று அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் ஏறக்குறைய பதினோரு வருடங்கள் வகித்த ஒரு பதவியைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. திருவிதாங்கூர் சட்டசபையின் இரண்டு சபைகளுக்கும், அதாவது கீழ்சபையான ஸ்ரீமூலம் அசெம்பிளிக்கும் மேல்சபையான ஸ்ரீசித்ரா ஸ்டேட் கவுன்ஸிலுக்கும், அவரே தலைவர். ராஜ்யசபைக்குத் தலைவர் யார், அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அடிக்கடி செய்தியாகும் நாட்களில், நம் ஊரிலேயே ஒரு மேல்சபை இருந்ததையும் அதன் தலைவர் நாற்காலியில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்ததையும் நினைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சேத்துப்பட்டு பட்டாபிராமய்யர் ராமஸ்வாமி அய்யர் 1879 நவம்பர் 12-ம் தேதி வடஆற்காட்டைச் சேர்ந்த வந்தவாசியில் பிறந்தார். தகப்பனார் நீதித்துறையில் இருந்தவர். சென்னையில் பிரஸிடென்ஸி கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி. 1903-ல் வக்கீல் தொழிலில் இறங்கியவர் பத்து வருடங்களுக்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தகப்பனார் நாராயணய்யா தன் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி அன்னி பெஸன்ட் அம்மையார் மீது தொடுத்த வழக்கில் தகப்பனார் பக்கம் ஆஜரானவர் சி.பி.தான். அந்த வழக்கு சென்னையில் ஜெயித்து, 1914-ல் பிரிவி கவுன்ஸிலில் தோற்றது. அதே சி.பி. இரண்டு மூன்று வருடங்களுக்குள் அதே பெஸன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் வலது கையாக இருந்தார். காங்கிரஸின் பொதுச் செயலாளர்களில் ஒருவராகவும் இருந்தார். எதிர்த்து வாதாடியவரின் பக்கம் போய் நிற்பது அவருக்கு எப்போதுமே சிரமமாக இருந்ததில்லை. இதைக் குணமாகவும் சொல்லலாம், குறையாகவும் சொல்லலாம்.

1920-ல் சென்னையின் அட்வகேட் ஜெனரல். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாகக் கவுன்ஸிலில் சட்ட அங்கத்தினர். பைக்காரா மின்திட்டமும் மேட்டூர் அணையும் அந்த வருடங்களில் அவர் கைபட்டு முன்னேறியவை. காவேரித் தண்ணீர் பற்றி மைசூருடன் 1924-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சட்ட அங்கத்தினர் என்ற முறையில் சி.பி. சென்னை சட்ட கவுன்ஸிலில் அரசாங்கத்தின் வரிசையில் உட்கார்ந்தார். கேள்விகளுக்குப் பதில் சொன்னார், மசோதாக்களைக் கொண்டுவந்தார். தலைவர் நாற்காலியில் இருந்தவர் வேறொருவர். 1920 வரை கவர்னரே கவுன்ஸிலுக்குத் தலைமை வகிப்பது வழக்கம். மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு அதற்கென்று தனியாக ஒரு தலைவர் வந்தார். சென்னையில் அப்படி முதன்முதலாக வந்தவர் ஸர் பி. ராஜகோபாலாச்சாரி. அவர் யார் என்றால், 1907 முதல் 1914 வரை நம் திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர்! அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜாசபைக்கு நியமனம் ஆனது அவர் காலத்தில்தான். ஸ்வதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1910-ல் நாடு கடத்தப்பட்டதும் அவர் காலத்தில்தான். ஆக, அரசாங்கம் ஓர் இடத்திலும் சபைத் தலைவர் வேறோர் இடத்திலும் இருப்பது எப்படி என்பதை, முன்னாள் திருவிதாங்கூர் திவான் ஒருவரின் தலைமையின் கீழேயே உட்கார்ந்து சி.பி. பார்த்திருக்கிறார்.

திருவிதாங்கூர் சட்டசபையின் கதை அதைவிடப் பழையது. 1888-ல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா எட்டுப் பேர் கொண்ட ஒரு சட்ட கவுன்ஸிலை ஏற்படுத்தினார். இந்திய சமஸ்தானங்களில் முதலாவது அதுதான். அதன் முதல் கூட்டம் ஆகஸ்ட் 23-ம் தேதி திவானின் அறையிலேயே நடந்தது. திவான் டி. ராமராவ் தலைமை வகித்தார். எட்டுப் பேர் கூட ஓர் அறை போதும்தானே. 1904-ல் பிரஜாசபை என்ற பெரிய சபை வந்தது. விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் கூடியது. 2019 முதல் அந்த மண்டபத்துக்கு அய்யன்காளியின் பெயர். அங்கும் தலைமை திவானுக்கே.

1932-ல் இளம் மகாராஜா ஸ்ரீசித்திரைத் திருநாள், தாம் ஆட்சிப் பொறுப்பேற்ற அடுத்த வருடமே, இரண்டு சபைகள் கொண்ட சட்டசபையை அறிவித்தார். அதற்கு முன்னால் 1931-ல் வைசிராயிடம் பேசி மகாராஜாவுக்கு ஆட்சியதிகாரம் சீக்கிரம் கிடைக்க உதவியவர் சி.பி. அப்போதிலிருந்தே அவர் சமஸ்தானத்தின் சட்ட ஆலோசகர். 1933 ஜனவரியில் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. கீழ்சபையில் 72 பேர். மேல்சபையில் 37 பேர். அதில் 10 பேர் அரசாங்க அதிகாரிகள், மற்ற 27 பேரில் 22 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வோட்டு எல்லோருக்கும் கிடையாது, சொத்தும் வரியும் இருப்பவர்களுக்குத்தான். இதனால் ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தங்களுக்கு நியாயமான இடம் கிடைக்காது என்று தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று அதற்குப் பெயர். சி. கேசவன் 1935 மே மாதம் கோழஞ்சேரியில் சி.பி.யைக் கடுமையாகத் தாக்கிப் பேசிச் சிறைக்குப் போனது அதன் தொடர்ச்சி.

1936 அக்டோபர் 8-ம் தேதி சி.பி. திவான் ஆனார். திவான் ஆன அன்றே, சட்டப்படி, இரண்டு சபைகளுக்கும் தலைவரும் ஆனார். அவருக்கு முன்னால் ஆஸ்டின் துரையும் ஸர் முகம்மது ஹபீபுல்லாவும் அதே நாற்காலிகளில் இருந்தவர்கள்தான். ஆகவே இது சி.பி. தமக்கென்று ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் பொருள் என்ன? சபைத் தலைவரின் வேலை பார்வைக்கு எளிது. எந்தக் கேள்வியை அனுமதிப்பது, எந்தத் தீர்மானம் விதிக்கு உட்பட்டது, யார் எவ்வளவு நேரம் பேசலாம், எந்தச் சொல் வரம்பு மீறியது என்று சொல்வது. அரசாங்கத்தின் வேலை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது. சட்டசபைக் கேள்வி ஒன்று ஓர் இலாகாவுக்கு வந்தால் அங்கே நடக்கும் பரபரப்பை அரசுப் பணியில் இருந்தவர்கள் அறிவார்கள். பதில் சொல்ல வேண்டியவரே கேள்வியை அனுமதிப்பவராகவும் இருந்தால் அந்தப் பரபரப்புக்கே இடமில்லை. பௌதிகம் படித்த என் போன்றவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய சட்டப் புத்தகம் வேண்டாம். நிறுக்கப்படும் பொருளின் கையிலேயே தராசைக் கொடுத்தால், முள் சரியாகவே நின்றாலும் பார்ப்பவனுக்கு நம்பிக்கை வராது.

சி.பி.யின் சட்ட அறிவைப் பற்றி எதிரிகளும் சந்தேகப்பட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சட்ட நுணுக்கம் பேச அவரைவிடத் தகுதியானவர் அப்போது தென்னிந்தியாவில் சிலரே இருந்திருப்பார்கள். பிரச்சினை அங்கே இல்லை. 1937 தேர்தலில் நிவர்த்தனக்காரர்களும் சபைக்குள் வந்தார்கள். டி.எம். வர்கீஸ் கீழ்சபையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திவானே தலைவர் என்றிருந்த சபையில், அங்கத்தினர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய மிகப் பெரிய பதவி அது. சிறையிலிருந்து வந்த கேசவனுக்கு ஆலப்புழையில் நடந்த வரவேற்பில் வர்கீஸ் பங்கெடுத்தார். அதற்காக அவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சபைக்கு வெளியே ஒரு மனிதரை வரவேற்றது சபைக்குள் குற்றமாயிற்று. வோட்டெடுப்பு நடந்துதான் நீக்கினார்கள், அதில் விதி மீறல் இல்லை என்று வாதாடலாம். அதிகாரிகளும் நியமன அங்கத்தினர்களும் வோட்டுப் போடும் சபையில், திவானின் முகக்குறிப்பைப் பார்க்காமல் கை தூக்குவது எத்தனை பேரால் முடியும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

அதே சமயம் பக்கத்துக் கொச்சியில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒப்பீடு சுவாரஸ்யமாக இருக்கிறது. அங்கே திவான் ஆர்.கே. ஷண்முகம் செட்டியார். அவர் கொச்சிக்கு வருவதற்கு முன் டெல்லியில் மத்திய சட்டசபையின் தலைவராக இருந்தவர். 1938-ல் கொச்சியில் அம்பாட்டு சிவராம மேனன் மக்கள் பிரதிநிதியாக மந்திரியானார். சில இலாகாக்கள் அவர் கைக்கு வந்தன. சென்னையிலோ 1937 முதல் முழு மந்திரிசபையே இருந்தது. அங்கே புதிதாக ஏற்பட்ட மேல்சபைக்கு டாக்டர் யு. ராமராவ் தலைவர், அவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. அந்த 1938-ல் திருவிதாங்கூரில் பட்டம் தாணுப்பிள்ளை, வர்கீஸ், கேசவன் முதலானோர் ஸ்டேட் காங்கிரஸை ஏற்படுத்திப் பொறுப்பாட்சி கேட்டார்கள். கிடைத்தவை தடையுத்தரவும் சிறைவாசமும். ஆகஸ்டில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு. திருவாங்கூர் நேஷனல் அண்டு க்விலான் பாங்க் மூடப்பட்டு அதன் நிர்வாகிகள் சிறைக்குப் போனார்கள். மலையாள மனோரமா பத்திரிகை நிறுத்தப்பட்டது. அக்டோபரில் அக்காம்மா செறியான் தலைமையில் பெரும் ஊர்வலம் கவடியார் அரண்மனை நோக்கிப் போயிற்று. சபைக்குள் கேட்க முடியாததைத்தான் ஜனங்கள் தெருவில் கேட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். கேள்வி நேரம் என்பது அரசாங்கத்துக்கு ஒரு தொந்தரவு போலத் தெரியும். உண்மையில் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி வெளியேறும் வழி அது.

மற்றொரு பக்கத்தையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். திவானாகி ஐந்து வாரங்களுக்குள், 1936 நவம்பர் 12-ம் தேதி, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அன்று சி.பி.யின் பிறந்த நாளும்கூட. கையெழுத்து மகாராஜாவுடையது, பெருமையும் அவருக்கே. ஆனால் எதிர்ப்புகளையும் சட்டச் சிக்கல்களையும் சமாளித்து அதை எழுத்தில் கொண்டுவந்த கை சி.பி.யுடையது. நம்மவர்களிலும் பலர் அன்று அதை ரசிக்கவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் ஏற்பட்டது, சி.பி.யே துணைவேந்தர். 1938-ல் அரசு பஸ் போக்குவரத்து. 1940-ல் பள்ளிவாசல் மின்நிலையம். பைக்காராவில் கற்றது இங்கே பலன் தந்தது. ஆலுவாவுக்கருகே உரத் தொழிற்சாலை. 1944-ல் மரண தண்டனை ஒழிப்பு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் பிறகு செம்மங்குடியும் திருவனந்தபுரத்தில் சங்கீத அகாடமியை நடத்தியதற்கும் அவர் ஆதரவு காரணம். இவ்வளவையும் பத்தே வருடங்களில் செய்த நிர்வாகி அந்நாளில் வேறு எந்த சமஸ்தானத்திலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவசரமாகக் காரியம் செய்பவருக்குச் சபை விவாதம் முட்டுக்கட்டையாகப் படுவதும் இயற்கைதான்.

அவருடைய மனதில் சபையைப் பற்றி என்ன இருந்தது என்பது 1946 ஜனவரியில் தெளிவாயிற்று. அமெரிக்க மாடல் என்று பின்னால் பெயர் பெற்ற அரசியலமைப்பை அவர் முன்வைத்தார். வயது வந்த எல்லோருக்கும் வோட்டு, இரண்டு சபைகள். இதுவரை கேட்டால் அந்நாளைய இந்தியாவில் மிகவும் முற்போக்கான திட்டம். ஆனால் திவானைச் சபை நீக்க முடியாது. நிர்வாகம் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜனாதிபதியையும் சபை சாதாரண வோட்டெடுப்பில் நீக்க முடியாதுதான். ஆனால் அவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். திவானை மகாராஜா நியமிக்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தை ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலாளிகூடப் புரிந்துகொண்டார். அமெரிக்க மாடலை அரபிக்கடலில் எறிவோம் என்று கோஷம் எழுந்தது. 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் ராணுவம் சுட்டது. இறந்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள் என்பதில் வேற்றுமை இல்லை.

1947 ஜூன் 11-ம் தேதி, ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். சவரை, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனஸைட்டும் அதிலுள்ள தோரியமும் அணுயுகத்தில் எவ்வளவு பெறும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அந்தத் துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவு பெரிய முடிவு எந்தச் சபையின் வோட்டையும் கேட்டு எடுக்கப்படவில்லை. ஜூலையில் டெல்லி போய் மவுண்ட்பேட்டனைச் சந்தித்துத் திரும்பினார். ஜூலை 25-ம் தேதி இரவு சங்கீத அகாடமியில் ஸ்வாதித் திருநாள் விழாக் கச்சேரி கேட்டுவிட்டுப் புறப்படும்போது விளக்குகள் அணைந்தன; அரிவாள் முகத்தில் விழுந்தது. உயிர் தப்பினார். வெட்டியவர் அம்பலப்புழையைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி என்ற இளைஞர். சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அவரும் நம் சமூகத்தில் பிறந்தவர்தான். சி.பி.க்கு எதிர்ப்பு என்றால் அது பிற சமூகத்தாரின் பொறாமை மட்டுமே என்று சொல்லிக்கொண்டிருந்த நம் பெரியவர்களுக்கு இந்த ஒரு விவரம் சங்கடமாக இருந்திருக்கும். ஐந்து நாள் கழித்து மகாராஜா இந்திய யூனியனில் சேர சம்மதித்துத் தந்தி கொடுத்தார். ஆகஸ்ட் 19-ம் தேதி சி.பி. பதவியை விட்டு வெளியேறினார்.

அவருடன் அந்த மேல்சபையின் காலமும் முடிந்தது. செப்டம்பர் 4-ம் தேதி மகாராஜா பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 தொடக்கத்தில் வயதுவந்தோர் வாக்குரிமைப்படி தேர்தல் நடந்து ஒரே சபை கூடியது. பட்டம் தாணுப்பிள்ளை பிரதம மந்திரி. சபைத் தலைவராக ஏ.ஜே. ஜான், மந்திரி அல்லாத ஒருவர் திருவனந்தபுரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான். வர்கீஸும் கேசவனும் மந்திரிகள். அதன் பிறகு திருவிதாங்கூர் - கொச்சியிலும் சரி, 1956-க்குப் பிறகு கேரளத்திலும் சரி, மேல்சபை ஏற்படவேயில்லை.

டெல்லியில் 1952 மே 13-ம் தேதி ராஜ்யசபை முதன்முதலாகக் கூடியபோது டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமை வகித்தார். அரசியல் சாசனப்படி உபஜனாதிபதியே அந்தச் சபையின் தலைவர். அவர் சபையின் அங்கத்தினர் அல்ல. ஊதியம் தரும் வேறு பதவி எதையும் வகிக்கக் கூடாது. வோட்டுகள் சமமாகப் பிரிந்தால் மட்டும் தம் வோட்டைப் போடலாம். மந்திரி எவரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ராஜகோபாலாச்சாரியார் காலத்துச் சென்னையில் சி.பி. கண்ட அதே பிரிவினைதான் இன்னும் கறாராக எழுதப்பட்டிருக்கிறது. கேரள கவர்னராக இருந்து 1967-ல் உபஜனாதிபதியான வி.வி. கிரியும், 1992-ல் உழவூர் கே.ஆர். நாராயணனும் அந்த நாற்காலிக்குப் போனார்கள். நாராயணன் சி.பி.யின் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஆங்கில இலக்கியத்தில் முதலாவதாகத் தேறியவர். அவர் கேட்ட விரிவுரையாளர் வேலை அன்று திருவனந்தபுரத்தில் கிடைக்கவில்லை.

பதவி போன பிறகு இன்னும் பத்தொன்பது வருடங்கள் சி.பி. வாழ்ந்தார். பத்திரிகைக் கமிஷனில் அங்கத்தினர், 1954-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1960-ல் இந்து அறநிலையங்களைப் பற்றிய கமிஷனுக்குத் தலைவர். நேருவின் அரசாங்கம் அவரை ஒதுக்கிவைக்கவில்லை. அவற்றுள் ஒன்று விசேஷமானது. நாட்டின் ஒற்றுமை, பிராந்திய உணர்ச்சி பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவர். பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்பதைப் பற்றி அந்தக் குழு செய்த சிபாரிசின் பேரில்தான் 1963-ல் அரசியல் சாசனத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. அன்று முதல் பாராளுமன்றத்தின் எந்தச் சபைக்குப் போகிறவரும், தேர்தலில் நிற்கிறவரும், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். திருவிதாங்கூரைத் தனி நாடாக அறிவித்தவரின் குழு தந்த வாசகத்தைச் சொல்லித்தான் ராஜ்யசபையின் ஒவ்வொரு புதிய அங்கத்தினரும் தலைவர் முன்னிலையில் கையெழுத்திடுகிறார்.

1966 செப்டம்பர் 26-ம் தேதி லண்டன் சென்றிருந்தபோது நாஷனல் லிபரல் கிளப்பில் சி.பி. காலமானார். அப்போது அவருக்கு எண்பத்தேழாவது வயது நடந்துகொண்டிருந்தது. சென்னை எல்டாம்ஸ் ரோட்டில் அவருடைய க்ரோவ் இல்லம் அவர் பெயரிலான அறக்கட்டளையின் இடமாக இருக்கிறது. திருவனந்தபுரம் வழுதக்காட்டில் அவர் வசித்த பக்திவிலாஸ் பங்களா ஆகாசவாணி நிலையமாயிற்று.